ராஜ் பவனுக்கு இரண்டு வாசல்

ஹைதராபாத்தின் இந்திரா பூங்காவுக்குள் டாக்டர் மர்ரி சென்னா ரெட்டியின் சமாதி இருக்கிறது. பூங்காவை ஒட்டிய சாலைக்கு 'தர்ணா சவுக்' என்று பெயர். அரசாங்கத்தின் மீது கோபம் கொண்டவர்கள் பந்தல் போட்டு உட்காரும் இடம். அவருக்குப் பொருத்தமான அண்டை வீடுதான். அரசாங்கத்தை எதிர்த்துத் தெருவில் நின்றவர் அவர். அரசாங்கமாகவே நாற்காலியில் அமர்ந்தவரும் அவர்தான்.

தமிழ்நாட்டில் அவரை நினைவு வைத்திருப்பவர்களுக்கு ஒரே காட்சிதான் ஞாபகம் வரும். 1993 முதல் 1996 வரை கிண்டியில் கவர்னர், கோட்டையில் முதல்வர் ஜெயலலிதா, இடையில் ஓயாத யுத்தம். ஆனால் கிண்டி அவருக்கு நான்காவது ராஜ் பவன். உத்தரப் பிரதேசம், பஞ்சாப், ராஜஸ்தான் என்று மூன்றைப் பார்த்துவிட்டுத்தான் அவர் சென்னைக்கு வந்தார். நடுவே இரண்டு முறை ஆந்திர முதல்வர். அதற்கும் முன்பு மத்திய மந்திரி. கவர்னர் பதவி எதற்காக என்று தெரிந்துகொள்ள அரசியல் சட்டத்தின் 153-வது பிரிவிலிருந்து தொடங்கலாம். அது யாருக்கு, எப்போது, ஏன் தரப்படுகிறது என்று தெரிய வேண்டுமானால் சென்னா ரெட்டியின் வாழ்க்கையிலிருந்து தொடங்குவது நல்லது.

1919 ஜனவரியில், நிஜாமின் ஹைதராபாத் சமஸ்தானத்தில், விகாராபாத் பகுதியில் பிறந்தவர். 1941-ல் எம்.பி.பி.எஸ். பட்டம் பெற்றார். ஆனால் ஸ்டெதஸ்கோப்பை விட மேடை மைக்தான் அவர் கைக்கு அதிகம் பழகியது. 1952-ன் முதல் பொதுத் தேர்தலில் விகாராபாத்திலிருந்து ஹைதராபாத் சட்டசபைக்குப் போனார். புர்குல ராமகிருஷ்ண ராவின் மந்திரி சபையில் இடம் கிடைத்தபோது வயது 33. வைத்தியம் பின்னால் தங்கிவிட்டது. 'டாக்டர்' மட்டும் பெயரோடு கடைசிவரை வந்தது.

1967-ல் தாண்டூர் தொகுதியில் ஜெயித்தார். அதே ஆண்டு இந்திரா காந்தியின் மந்திரி சபையில் எஃகு, சுரங்கத் துறை அமைச்சரானார். மேலே ஏறிக்கொண்டிருந்த ஏணி 1968-ல் முறிந்தது. நிஜாம் ஆட்சியை எதிர்த்த நாட்களில் 'வந்தேமாதரம்' என்ற சொல்லையே பெயரோடு சேர்த்துக்கொண்ட ராமச்சந்திர ராவ் போட்ட வழக்கில், தேர்தல் முறைகேட்டைக் காரணம் காட்டி ஆந்திர ஹைகோர்ட் அவரது வெற்றியை ரத்து செய்தது. சுப்ரீம் கோர்ட்டும் அதை உறுதி செய்தது. ஆறு ஆண்டுகள் தேர்தலில் நிற்கத் தடை.

தேர்தலில் நிற்க முடியாத அரசியல்வாதிக்கு மிச்சம் இருப்பது தெருதான். 1969-ல் தெலங்கானாவின் தெருக்கள் கொதித்துக்கொண்டிருந்தன. ஆந்திராவும் தெலங்கானாவும் இணைந்தபோது 1956-ல் செய்துகொண்ட கனவான்கள் ஒப்பந்தம் காற்றில் பறந்துவிட்டது, வேலையெல்லாம் கடலோர மாவட்டத்தாருக்கே போகிறது என்று மாணவர்கள் கிளம்பியிருந்தார்கள். அவர்கள் மூட்டிய தீக்குத் தலைவர் தேவைப்பட்டார். சென்னா ரெட்டி தெலங்கானா பிரஜா சமிதியின் தலைவரானார், சிறைக்கும் போனார். துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தவர்கள் 369 பேர் என்பது இயக்கத்தார் சொல்லும் கணக்கு.

1971 மக்களவைத் தேர்தலில் நாடு முழுவதும் இந்திரா அலை. தெலங்கானாவில் மட்டும் பிரஜா சமிதி 10 தொகுதிகளைப் பிடித்தது. தனி மாநிலம் வந்துவிடும் என்று நம்பியவர்களுக்கு அதே ஆண்டு செப்டம்பரில் வேறு செய்தி வந்தது. சமிதி காங்கிரஸில் இணைந்துவிட்டது. பதிலுக்கு முதல்வர் பிரம்மானந்த ரெட்டி விலகினார், தெலங்கானாக்காரரான பி.வி. நரசிம்ம ராவ் அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். இது ராஜதந்திரமா, விலை போனதா என்று தெலங்கானாவில் வாதம் வெகுகாலம் நடந்தது. தனி மாநிலம் 2014 ஜூன் 2-ம் தேதி வரை காத்திருந்தது.

ஆறாண்டுத் தடை முடிகிற வேளையில், 1974 அக்டோபரில், அவருக்கு முதல் ராஜ் பவன் கிடைத்தது. லக்னோ. கவர்னராவதற்கு அரசியல் சட்டம் கேட்கும் தகுதிகள் இரண்டே: இந்தியக் குடிமகனாக இருக்க வேண்டும், 35 வயது நிறைந்திருக்க வேண்டும். ஓட்டுக் கேட்டு வீதி வீதியாகப் போக வேண்டியதில்லை. கட்சித் தலைமைக்கு இதில் இரட்டை லாபம். உழைத்தவருக்குக் கௌரவம் செய்த மாதிரியும் ஆயிற்று. சொந்த ஊரில் சும்மா இருந்தால் சிக்கல் செய்யக்கூடியவரை ஆயிரம் மைல் தள்ளி உட்கார வைத்த மாதிரியும் ஆயிற்று.

லக்னோவில் அவர் இருந்தபோது வரலாறு ஒரு வேடிக்கை காட்டியது. 1975 ஜூன் 12-ம் தேதி, அவர் கவர்னராக இருந்த மாநிலத்தின் அலகாபாத் ஹைகோர்ட், தேர்தல் முறைகேட்டுக்காகப் பிரதமர் இந்திரா காந்தியின் வெற்றியை ரத்து செய்து ஆறாண்டுத் தடையும் விதித்தது. இப்படியொரு தீர்ப்பு என்ன செய்யும் என்று சொந்த அனுபவத்தில் தெரிந்த கவர்னர் அந்த ராஜ் பவனில் இருந்தார். சென்னா ரெட்டி பதவியை விட்டு வீதிக்கு வந்தார். இந்திரா நாட்டுக்கே நெருக்கடி நிலையை அறிவித்தார். அந்த ஆண்டு நவம்பரில் டெல்லியின் நம்பிக்கையை இழந்த முதல்வர் பகுகுணா விலக, உத்தரப் பிரதேசம் சில வாரங்கள் ஜனாதிபதி ஆட்சியின் கீழ், அதாவது கவர்னரின் கீழ், இருந்தது.

1977-ல் ஜனதா அரசு வந்தது. சென்னா ரெட்டி அக்டோபரில் பதவியை விட்டார். அடுத்த மார்ச்சில் ஆந்திர முதல்வர்! இந்திரா காங்கிரஸ் 294 இடங்களில் 175-ஐப் பிடித்திருந்தது. ராஜ் பவனிலிருந்து தலைமைச் செயலகத்துக்கு வர அவருக்கு ஐந்தே மாதங்கள் போதுமானதாக இருந்தன.

அதன் பிறகு அவர் வாழ்க்கை ஒரு அட்டவணை மாதிரி ஓடியது. 1980 அக்டோபரில் கட்சி மேலிடம் முதல்வர் பதவியிலிருந்து இறக்கியது. 1982-ல் பஞ்சாப் கவர்னர். பிறகு காங்கிரஸை விட்டு வெளியேறித் தனிக் கட்சி கண்டு, திரும்பி வந்து, 1989 டிசம்பரில் மறுபடி முதல்வர். ஒரு வருஷம் கழித்து ஹைதராபாத் மதக் கலவரத்தில் நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். உட்கட்சிப் பூசலும் சேர்ந்துகொள்ள, 1990 டிசம்பரில் பதவி போயிற்று. 1992 பிப்ரவரியில் ராஜஸ்தான் கவர்னர். முதல்வர் நாற்காலி பறிபோகும்போதெல்லாம் கொஞ்ச நாளில் எங்கோ ஒரு ராஜ் பவன் கதவு திறந்தது.

எனக்கு அவர் மேல் காழ்ப்பு இல்லை. சொல்லப்போனால், கவர்னராக அவர் செய்த இரண்டு பெரிய காரியங்களுக்கும் சட்டத்தில் இடம் இருந்தது. சிக்கலே அங்கேதான் இருக்கிறது.

முதல் காரியம் ராஜஸ்தானில். 1992 டிசம்பர் 6-ம் தேதி பாபர் மசூதி இடிக்கப்பட்டது. ஜெய்ப்பூரில் பைரோன் சிங் ஷெகாவத்தின் பா.ஜ.க. ஆட்சி. தடை செய்யப்பட்ட அமைப்புகள் மீது மாநில அரசு நடவடிக்கை எடுக்கவில்லை. கரசேவைக்குப் போன கட்சிக்காரர்களுக்கு ராஜ உபசாரத்தோடு வழியனுப்பும் வரவேற்பும் நடந்தன என்று கவர்னர் ஜனாதிபதிக்கு அறிக்கை அனுப்பினார். டிசம்பர் 15-ம் தேதி மத்தியப் பிரதேசம், ஹிமாசலப் பிரதேசம் ஆகியவற்றோடு ராஜஸ்தான் அரசும் கலைக்கப்பட்டது. 1994 மார்ச்சில் வந்த எஸ்.ஆர். பொம்மை தீர்ப்பு 356-வது பிரிவைப் பயன்படுத்த டெல்லிக்குக் கடிவாளம் போட்டது. ஆனாலும் இந்த மூன்று மாநிலக் கலைப்புகளையும், மதச்சார்பின்மை அரசியல் சட்டத்தின் அடிப்படை அம்சம் என்று சொல்லி, அது செல்லும் என்றே கூறியது.

இரண்டாவது காரியம் சென்னையில். 1993 மே கடைசியில் நரசிம்ம ராவ் அரசு அவரைத் தமிழ்நாட்டுக்கு அனுப்பியது. 1991-ல் கைகோத்து ஜெயித்த காங்கிரஸும் அ.தி.மு.க.வும் அப்போது முகம் திருப்பிக்கொண்டிருந்தன. பல்கலைக்கழகங்களின் வேந்தர் பதவியிலிருந்து கவர்னரை நீக்கி முதல்வரை உட்கார வைக்க 1994-ல் சட்டசபை மசோதா நிறைவேற்றியது. அது நடைமுறைக்கு வரவில்லை. 1995-ல் சுப்பிரமணியன் சுவாமியின் மனுவை ஏற்று, முதல்வர் மீது ஊழல் வழக்குத் தொடர கவர்னர் அனுமதி கொடுத்தார். பாண்டிச்சேரி போகிற வழியில் திண்டிவனம் அருகே அவரது காரை ஆளுங்கட்சியினர் மறித்தார்கள். தன்னிடம் கவர்னர் தகாத முறையில் நடந்துகொண்டார் என்று முதல்வர் சட்டசபையில் சொன்னார், கவர்னர் மறுத்தார். அவரைத் திரும்பப் பெறச் சொல்லித் தீர்மானமும் போட்டார்கள்.

சட்டம் என்ன சொல்கிறது? முதல்வர் மீதே வழக்குத் தொடர அனுமதி கேட்டால், கவர்னர் மந்திரி சபையின் ஆலோசனையைக் கேட்க வேண்டியதில்லை, சுயமாக முடிவெடுக்கலாம் என்று மகாராஷ்டிர முதல்வர் அந்துலே விவகாரத்தில் 1982-லேயே சுப்ரீம் கோர்ட் சொல்லியிருந்தது. குற்றம் சாட்டப்பட்டவரிடமே போய், 'உங்கள் மீது வழக்குப் போடலாமா?' என்று கேட்க முடியாதல்லவா? ஆகவே அனுமதி கொடுக்கும் அதிகாரம் சென்னா ரெட்டிக்கு இருந்தது.

ஆனால் யார் நம்பினார்கள்? ராஜஸ்தான் அறிக்கையைப் பா.ஜ.க.வினர் காங்கிரஸ்காரரின் அறிக்கையாகவே பார்த்தார்கள். சென்னையில் கொடுத்த அனுமதியை அ.தி.மு.க.வினர் நரசிம்ம ராவின் அம்பு என்றார்கள். முன்னாள் முதல்வர், நாளை மறுபடி முதல்வராகக்கூடியவர், டெல்லி விரும்பினால் இருக்கவும் விரும்பாவிட்டால் போகவும் வேண்டியவர். அப்படிப்பட்டவர் எழுதும் சர்டிபிகேட் உண்மையானதாகவே இருந்தாலும், வாங்கிப் பார்க்கிறவர் முதலில் கையெழுத்தைத்தான் பார்ப்பார். வைத்திய உலகம் இதை அறியும். சொந்தக் குடும்பத்துக்குச் சிகிச்சை செய்வதைக் கூடியவரை தவிர்க்க வேண்டும் என்பது டாக்டர்களிடையே உள்ள பழைய மரபு. கைத்திறமை போதாது என்பதற்காக ஏற்பட்ட மரபில்லை அது. கணிப்பில் பற்று கலந்துவிடும் என்பதற்காக ஏற்பட்டது.

மொழிபெயர்ப்பு வேலை செய்கிறவர்களுக்கு இந்தப் பதவியின் பெயரே ஒரு சோதனை. இந்தி 'ராஜ்யபால்' என்கிறது, ராஜ்யத்தைக் காப்பவர். தெலுங்கு வம்பே வேண்டாம் என்று 'கவர்னர்' என்றே விட்டுவிட்டது. தமிழில் நாம் 'ஆளுநர்' என்கிறோம், ஆள்கிறவர். அரசியல் சட்டப்படி ஆளாதவர் ஒருவருக்கு ஆள்கிறவர் என்று பெயர் வைத்திருக்கிறோம். மூன்று மொழிகளும் சேர்ந்து அந்தப் பதவியின் குழப்பத்தைச் சொல்லிவிடுகின்றன: காவல்காரரா, வெள்ளைக்காரன் விட்டுப்போன அதிகாரியா, ஆள்பவரா?

தெலங்கானாவின் டாக்டர் ஒருவர் தமிழ்நாட்டு ராஜ் பவனுக்கு வந்தார் அல்லவா? கால் நூற்றாண்டு கழித்துத் தமிழ்நாட்டு டாக்டர் ஒருவர் தெலங்கானா ராஜ் பவனுக்குப் போனார். மகப்பேறு மருத்துவரும் தமிழக பா.ஜ.க.வின் தலைவராக இருந்தவருமான தமிழிசை சௌந்தரராஜன், 2019 செப்டம்பரில் அந்த மாநிலத்தின் முதல் பெண் ஆளுநரானார். 2021-ல் புதுச்சேரியின் துணைநிலை ஆளுநர் பொறுப்பும் சேர்ந்தது. சந்திரசேகர ராவ் அரசுடன் மோதல் முற்றி, 10 மசோதாக்கள் நிலுவையில் கிடக்கின்றன என்று தெலங்கானா அரசு 2023 மார்ச்சில் சுப்ரீம் கோர்ட் படியேறியது. 2024 மார்ச்சில் தமிழிசை ராஜினாமா செய்தார். இரண்டே நாளில் கட்சிக்குத் திரும்பி, தென்சென்னை மக்களவைத் தொகுதியில் நின்று தோற்றார். சென்னா ரெட்டி ஐந்து மாதத்தில் கடந்த தூரத்தை இவர் இரண்டு நாளில் கடந்தார்.

இருவரும் சட்டத்தை மீறவில்லை. இது டாக்டர்களின் வியாதியும் இல்லை, ஒரு கட்சியின் வியாதியும் இல்லை. சுஷில்குமார் ஷிண்டே ஆந்திர ராஜ் பவனிலிருந்து 2006-ல் மத்திய மந்திரி சபைக்குப் போனார். மகாராஷ்டிர கவர்னராக இருந்த எஸ்.எம். கிருஷ்ணா 2009-ல் வெளியுறவு அமைச்சரானார். மிசோரம் ஆளுநர் கும்மனம் ராஜசேகரன் 2019-ல் பதவியை விட்டுவிட்டுத் திருவனந்தபுரத்தில் போட்டியிட்டார். ராஜ் பவன் ஓய்வு இல்லமாக இருந்தது ஒரு காலம். இப்போது அது ரயில் நிலையத்தின் காத்திருப்பு அறை மாதிரி ஆகிவிட்டது. உட்கார்ந்திருப்பவர் அடுத்த வண்டியை எதிர்பார்க்கிறார்.

1983-ல் அமைக்கப்பட்ட சர்க்காரியா கமிஷன் இதை அப்போதே கவனித்தது. அண்மைக்காலத்தில் தீவிர அரசியலில் இருந்தவரை நியமிக்க வேண்டாம். வேறு கட்சி ஆளும் மாநிலத்துக்கு மத்திய ஆளுங்கட்சிக்காரரை அனுப்ப வேண்டாம். பதவி முடிந்தபின் கவர்னர் கட்சி அரசியலுக்குத் திரும்பக் கூடாது என்று மரபு ஏற்பட வேண்டும் என்றெல்லாம் சொன்னது. மரபு ஏற்படவில்லை. முதல் இரண்டு நிபந்தனைகளையும் ஒருசேர மீறும் நியமனங்கள்தான் அதன் பிறகும் வந்தன. 1992-ல் ஜெய்ப்பூருக்கு சென்னா ரெட்டி போனதே அப்படித்தான்.

விலை கொடுப்பவர்கள் யார் என்பதைச் சொல்ல வேண்டும். கவர்னரும் முதல்வரும் மோதினால் பத்திரிகைக்குத் தலைப்பு கிடைக்கிறது. மாணவனுக்குக் கிடைப்பது துணைவேந்தர் இல்லாத பல்கலைக்கழகம், தள்ளிப்போகும் பட்டமளிப்பு. 1994-ல் சென்னையில் தொடங்கிய வேந்தர் சண்டை வேறு ஆட்கள், வேறு கட்சிகளோடு இன்னொரு தலைமுறைக்கும் நீண்டது. தமிழக அரசின் 10 மசோதாக்கள் கிடப்பில் கிடந்த வழக்கில், அவை ஒப்புதல் பெற்றதாகவே கருதப்படும் என்று 2025 ஏப்ரல் 8-ம் தேதி சுப்ரீம் கோர்ட்டின் இரு நீதிபதிகள் அமர்வு சொன்னது. நவம்பரில் ஜனாதிபதி கேட்ட விளக்கத்துக்கு ஐந்து நீதிபதிகள் அமர்வு தந்த பதில் வேறு: கவர்னருக்குக் கோர்ட் கெடு விதிக்க முடியாது, ஒப்புதல் கிடைத்ததாகக் கருதவும் முடியாது, ஆனால் காரணமின்றிக் காலவரையற்றுக் கிடப்பில் போடுவதும் கூடாது. கோர்ட் எவ்வளவு தூரம்தான் வரும்? கையெழுத்துப் போட வேண்டிய பேனா கடைசியில் ஒரு மனிதரின் கையில்தான் இருக்கிறது.

அந்த மனிதர் எப்படிப்பட்டவராக இருக்க வேண்டும் என்பதற்கு இன்னொரு டாக்டரின் கதையும் உதவும். சுதந்திரம் வந்தபோது உத்தரப் பிரதேச கவர்னராக நேரு தேர்ந்தெடுத்தது டாக்டர் பி.சி. ராயை. கண் சிகிச்சைக்காக அமெரிக்கா போயிருந்த ராய் அந்தப் பதவியை ஏற்கவில்லை. சரோஜினி நாயுடு கவர்னரானார். ராய் 1948-ல் மேற்கு வங்க முதல்வராகி 1962-ல் இறக்கும்வரை அந்தப் பதவியில் இருந்தார். ராஜ் பவனா, அரசியலா என்ற கேள்விக்கு அவர் ஒரே முறை பதில் சொன்னார். இரண்டையும் மாற்றி மாற்றி வைத்துக்கொள்ளவில்லை.

எல்லோரிடமும் அந்த மனத்தெளிவை எதிர்பார்க்க முடியாது. சட்டம்தான் கதவைச் சாத்த வேண்டும். சாத்த வழி தெரியாத அரசியல் சட்டமும் இல்லை நம்முடையது. தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் பதவி முடிந்தபின் மத்திய, மாநில அரசுகளில் வேறு பதவி எதுவும் வகிக்கக் கூடாது என்று 148-வது பிரிவு சொல்கிறது. மத்தியத் தேர்வாணையத் தலைவருக்கும் அப்படியொரு தடையை 319-வது பிரிவு போட்டிருக்கிறது. கணக்குப் பார்க்கிறவரும் தேர்வு நடத்துகிறவரும் அடுத்த பதவிக்கு ஆசைப்பட்டால் வேலை கெட்டுவிடும் என்று யோசித்தவர்கள், ஒரு ஆட்சியையே கலைக்கச் சிபாரிசு எழுதக்கூடியவருக்கு அந்தத் தடையைப் போடவில்லை.

சென்னா ரெட்டி 1996 டிசம்பர் 2-ம் தேதி, தமிழ்நாட்டின் கவர்னராக இருக்கும்போதே காலமானார். அந்த முறை அவர் ராஜ் பவனிலிருந்து அரசியலுக்குத் திரும்பவில்லை. ஹைதராபாத்தில் அரசு அதிகாரிகளுக்குப் பயிற்சி தரும் நிலையம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. அவர் வாழ்க்கை சொல்லும் பாடம் எதுவும் அதிகாரிகளுக்கானது இல்லை. கவர்னர்களை நியமிப்பவர்களுக்கானது.